எஞ்சின் ஒரு காலம், பெட்டி ஒரு காலமா? – வாசகர் கேள்வி பதில்

மாடல் ரயில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. கையில் ஓர் எஞ்சின் இருக்கிறது, பின்னால் எந்தப் பெட்டியை மாட்டுவது? வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் எச்ஓ, அதாவது 1:87-க்கானவை.

வில்லிவாக்கம் வாசகர்: எச்ஓ அளவில் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன். நீலப் பெட்டி மாட்டுவதா, பழைய அரக்கு நிறப் பெட்டியா? இரண்டையும் கலந்து ஓட்டினால் தப்பா?

டபிள்யூடிஎம்-2 ஒரு தொல்லை பிடித்த எஞ்சின். அதைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. முதல் தொகுதி 1962-இல் கப்பலில் வந்தது. 1964 முதல் வாரணாசி தொழிற்சாலையில் செய்தார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் உற்பத்தி. 2010-களிலும் கண்ணில் பட்டது. ஆகவே ஆண்டை நீங்கள் முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு எஞ்சினை அதற்கேற்றபடி திருத்த வேண்டும்.

நிறம் வெறும் நிறமல்ல, பிரேக்கோடு சேர்ந்த விஷயம். ஐசிஎஃப் பெட்டிகள் (பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய வடிவம்) பல பத்தாண்டுகள் அரக்கு நிறத்தில், வாக்குவம் பிரேக்கோடு ஓடின. 1990-களில் ஏர் பிரேக் பொருத்திய பெட்டிகளை எளிதில் அடையாளம் காண நீலம் பூசத் தொடங்கினார்கள்: கரு நீல உடல், ஜன்னல் வரிசையில் வெளிர் நீலப் பட்டை. பிரேக் முறை வேறு என்பதால் இரண்டையும் ஒரே ரேக்கில் (ஒன்றாக மாட்டிய பெட்டித் தொடரில்) கலப்பது பொதுவாக வழக்கமில்லை. 1997-ஐக் காட்ட ஆசைப்பட்டால் பேசின் பிரிட்ஜ் யார்டில் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் அரக்கு ரேக் ஒன்று, நீல ரேக் ஒன்று என நிறுத்துங்கள். ஒரே ரேக்கில் வேண்டாம்.

இப்போது எஞ்சினின் முகத்துக்கு வாருங்கள். அரக்குப் பெட்டிக்கான எஞ்சின் என்றால் பஃபர் பீமில் (முனையின் குறுக்குச் சட்டத்தில்) தடித்த வாக்குவம் ஹோஸ் தெரிய வேண்டும். நீலப் பெட்டி என்றால் மெலிந்த ஹோஸ்கள் இரண்டு: பிரேக் பைப், ஃபீடு பைப். பிரேக் பைப்பின் காக்குக்கு (திறந்து மூடும் வால்வுக்கு) பச்சை, ஃபீடு பைப்பின் காக்குக்கு வெள்ளை. தடித்த ஹோஸுக்கு 0.9 மி.மீ. கருப்பு உறை போட்ட மெல்லிய மின்கம்பி போதும், மெலிந்ததற்கு 0.5 மி.மீ. காக்குகளுக்கு ஒரு குண்டூசி முனை அளவு பெயின்ட். ஐந்து நிமிட வேலை. பத்தாண்டு வித்தியாசம் காட்டிவிடும். இரண்டு முறைக்கும் ஏற்ற எஞ்சின்களும் இருந்தன. பின்னால் ஏர் பிரேக் சேர்த்தது டபிள்யூடிஎம்-2ஏ, செய்யும்போதே ஏர் பிரேக்கோடு வந்தது 2பி. எஞ்சினின் பக்கவாட்டில் இந்த எழுத்தைச் சேர்த்தால் நீல ரேக்குக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது.

1985-க்கான சிறு ரேக் என்றால் எங்கள் தேர்வு இது: முனையில் எஸ்எல்ஆர் (கார்டு அறையும் சரக்கு அறையும் உள்ள பெட்டி), அடுத்து பொதுப் பெட்டி, ஸ்லீப்பர் இரண்டு, ஏசி இல்லாத முதல் வகுப்பு ஒன்று, கடைசியில் மறுபடி எஸ்எல்ஆர். ஏசி மூன்றடுக்குப் பெட்டியைச் சேர்க்காதீர்கள்; அது 1993-இல்தான் வந்தது. ஏசி இரண்டடுக்கு சேர்ப்பதானால் கூரையைக் கவனியுங்கள். பழைய ஏசி பெட்டிகளில் குளிர்சாதனக் கருவி அடிப்பகுதியில் தொங்கும். கூரையின் இரு முனையிலும் பெட்டி போல உட்கார்ந்திருக்கும் கருவி பிற்காலத்தது. பொதுப் பெட்டிக்கு முனையில் தோல் மடிப்பு வெஸ்டிபியூல் (அடுத்த பெட்டிக்கு நடந்து போகும் வழி) கிடையாது, வெறும் சுவர்தான். ஸ்லீப்பர் பெட்டியை நிறம் மாற்றிப் பொதுப் பெட்டியாக்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

இந்த ஆறு பெட்டி ரேக் பஃபர் முதல் பஃபர் வரை ஒரு பெட்டிக்கு 256 மி.மீ., எஞ்சின் 197 மி.மீ. என்று மொத்தம் 1.73 மீட்டர் வரும். லூப் பாதை 1.8 மீட்டருக்குக் குறைந்தால் ஒரு ஸ்லீப்பரைக் கழற்றுங்கள், எஸ்எல்ஆரைக் கழற்றாதீர்கள். எஸ்எல்ஆர் இல்லாத எக்ஸ்பிரஸ், கார்டு இல்லாத வண்டி.

தாம்பரம் வாசகர்: பெட்டிகளுக்கு எண் ஒட்டும்போது ஏதாவது ஓர் ஐந்து இலக்க எண்ணைப் போட்டுவிடலாமா?

போட்டால் உங்கள் எண்ணே உங்களைக் காட்டிக்கொடுக்கும். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட ஆண்டு (பெரிய அளவில் மறுபடி கட்டிய பெட்டியில் அந்த ஆண்டு வருவதும் உண்டு). கடைசி மூன்று இலக்கம் பெட்டியின் வகை. 001 முதல் 025 வரை ஏசி முதல் வகுப்பு. 051 முதல் 100 ஏசி இரண்டடுக்கு. 101 முதல் 150 ஏசி மூன்றடுக்கு. 151 முதல் 200 ஏசி நாற்காலி. 201 முதல் 400 ஸ்லீப்பர். 401 முதல் 600 பொது. 601 முதல் 700 இரண்டாம் வகுப்பு இருக்கை. 701 முதல் 800 எஸ்எல்ஆர். அதற்கு மேல் பேன்ட்ரி, ஜெனரேட்டர், தபால் வகையறா.

ஆக 97243 என்றால் 1997-இல் செய்த ஸ்லீப்பர். அதே எண்ணை எஸ்எல்ஆரில் ஒட்டினால் விஷயம் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பார். ஐசிஎஃப் பெட்டியின் ஆயுள் 25 ஆண்டு என்பதே கணக்கு. எனவே 2012 ரேக்கில் 83-இல் தொடங்கும் எண் வரக் கூடாது. ஒரே ரேக்கில் எல்லாப் பெட்டியும் ஒரே ஆண்டாக இருப்பதும் செயற்கையாகத் தெரியும். 94, 97, 97, 99, 01 என்று கலந்து போடுங்கள். இந்தக் கலவைதான் அசல் ரேக்கின் வாசனை.

எண்ணோடு ரயில்வேயின் சுருக்கமும் போடுவார்கள். எஸ்டபிள்யூஆர் என்று எழுதிவிட்டு 1995 என்று சொல்லாதீர்கள்; தென்மேற்கு ரயில்வே பிறந்தது 2003-இல். அதற்கு முன்பு பெங்களூர் தெற்கு ரயில்வேயின் கீழ்தான் இருந்தது.

வகைச் சுருக்கத்தையும் கவனியுங்கள். டபிள்யூஜிஎஸ்சிஎன் என்றால் வெஸ்டிபியூல் உள்ள, தானே மின்சாரம் உண்டாக்கும் மூன்றடுக்கு ஸ்லீப்பர். எல்எச்பி (ஜெர்மன் வடிவமைப்பிலான புதிய வகைப் பெட்டி) ஆனால் எல்டபிள்யூஎஸ்சிஎன். தொடக்கத்தில் 'எல்' இருக்கிறதா என்பதை வைத்தே எந்த வகைப் பெட்டி என்று சொல்லிவிடலாம். நீலப் பெட்டியில் எல் ஒட்டிய மாடல்கள் ஏராளம்.

வேளச்சேரி வாசகர்: டபிள்யூஏபி-7 மின் எஞ்சினுக்குப் பின்னால் நீல ஐசிஎஃப் பெட்டிகளும், டபிள்யூஏபி-4-க்குப் பின்னால் சிவப்பு எல்எச்பி பெட்டிகளும் வைத்திருக்கிறேன். நண்பர் இரண்டும் தவறு என்கிறார்.

நண்பர் அவசரப்பட்டுவிட்டார். இரண்டும் நடந்தவைதான். டபிள்யூஏபி-7 2000-இல் வந்தது. ஐசிஎஃப் பெட்டிகளை இழுத்த காலமே அதற்கு நீளமானது. டபிள்யூஏபி-4 1994 முதல் 2015 வரை உற்பத்தியானது. எல்எச்பி ரேக்கையும் இழுத்திருக்கிறது.

ஆனால் ஜெனரேட்டர் பெட்டி விஷயத்தில் ஒன்று பிடிபடும். எல்எச்பி ரேக்குக்கு விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் மின்சாரம் ரேக்கின் முனையிலுள்ள பவர் காரிலிருந்து வந்தது. பிற்பாடு எஞ்சினே பேன்டோகிராஃப் வழியாக எடுத்துக் கொடுக்கும் முறை (எச்ஓஜி) பரவியது. டபிள்யூஏபி-7-க்கு அந்த வசதி உண்டு, டபிள்யூஏபி-4-க்குக் கிடையாது. எனவே டபிள்யூஏபி-4-க்குப் பின்னால் எல்எச்பி ரேக் என்றால் இரு முனையிலும் பவர் கார் இருந்தே ஆக வேண்டும். டபிள்யூஏபி-7, 2019-க்குப் பிந்தைய காலம் என்றால் ஒரு முனையில் பவர் கார், மறு முனையில் எல்எஸ்எல்ஆர்டி (எல்எச்பி வடிவ எஸ்எல்ஆர்) என்று போடலாம். இந்த ஒரு பெட்டி மாற்றத்தால் இரண்டு மாடல்களும் நேரானவையாகிவிடும். பவர் காரின் பக்கவாட்டில் காற்றுப் பலகைகள் வரிசையாக வரும்; பெட்டிகளுக்கிடையே தடித்த கரிய கேபிள்கள் தொங்கும். பெட்டி முனையில் வளைந்த கருப்பு நூல்கம்பி இரண்டு ஒட்டினால் போதும்; மறுமுனையை அடுத்த பெட்டியில் ஒட்டிவிடாதீர்கள், திருப்பத்தில் கழன்று விழும்.

கப்ளிங்கிலும் வேறுபாடு உண்டு. ஐசிஎஃப்-க்குத் திருகுக் கப்ளிங்கும் பஃபரும். எல்எச்பி-க்கு நடுவில் பெரிய பூட்டுக் கப்ளர், பெட்டியில் பஃபர் கிடையாது. எல்எச்பி மாடலின் முனையில் பஃபர் ஒட்டியிருந்தால் அதை நறுக்கிவிடுங்கள். இரண்டு வகையையும் இழுக்கும் எஞ்சினில் மட்டும் இரண்டும் இருக்கும். ஐசிஎஃப் பெட்டியையும் எல்எச்பி பெட்டியையும் ஒரே ரேக்கில் இணைப்பது இதனாலேயே தவறு.

காலத்தையும் மறக்க வேண்டாம். முதல் எல்எச்பி பெட்டிகள் ஜெர்மனியிலிருந்து 2000-ஐ ஒட்டி வந்தவை, பிறகு கபூர்தலாவில் செய்தார்கள். தமிழ்நாட்டின் அன்றாட எக்ஸ்பிரஸ்களில் சிவப்புப் பெட்டிகள் பரவலானது 2010-களின் பிற்பாதியில். ஐசிஎஃப் வடிவப் பெட்டியின் உற்பத்தியை பெரம்பூர் 2018 ஜனவரியில் நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் அதோடு நின்றுவிடவில்லை.

மயிலாப்பூர் வாசகர்: எல்எச்பி பெட்டிகள் வளைவில் தடம் புரள்கின்றன. ஐசிஎஃப் அதே பாதையில் ஒழுங்காக ஓடுகிறது. வளைவு ஆரம் 457 மி.மீ. பெட்டி கோளாறா, பாதை கோளாறா?

இரண்டுமில்லை, கணக்குக் கோளாறு. எல்எச்பி உடல் 23,540 மி.மீ., எச்ஓ-வில் 271 மி.மீ. ஐசிஎஃப் 21,337 மி.மீ., எச்ஓ-வில் 245 மி.மீ. போகி (பெட்டிக்குக் கீழே திரும்பும் சக்கரச் சட்டம்) மையங்களின் இடைவெளியோ கிட்டத்தட்ட ஒன்றே: எல்எச்பி 14,900, ஐசிஎஃப் 14,783. அதாவது கூடுதல் நீளம் முழுவதும் போகிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் விலகும். 457 மி.மீ. ஆரத்தில் எல்எச்பி-யின் நடு 8 மி.மீ. உள்ளே, முனை 12 மி.மீ. வெளியே. ஐசிஎஃப்-க்கு முனை 8.5 மி.மீ.தான். கப்ளரின் பக்கவாட்டு அசைவு இந்த 3.5 மி.மீ.-ஐத் தாங்கவில்லை என்றால் போகியைப் பிடித்து இழுத்து, உள்சக்கரத்தைத் தூக்கிவிடும். எஞ்சினுக்கு அடுத்த முதல் பெட்டிதான் முதலில் விழும். எஞ்சினின் முனை விலகுவது குறைவு, பெட்டியின் முனை விலகுவது அதிகம், கப்ளர் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

ஆரத்தை 610 மி.மீ. ஆக்கினால் முனை விலகல் 9 மி.மீ.-ஆகக் குறையும், இன்றைய ஐசிஎஃப் நிலைக்கு வந்துவிடும். இடம் இல்லாதவர்கள் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கப்ளர்: உடலில் பொருத்திய நீண்ட தண்டுக் கப்ளருக்கு மாற்றுங்கள். போகியில் பொருத்திய கப்ளர் முன்னோக்கி இழுக்கும்போது அழகாக வளையும், பின்னோக்கித் தள்ளும்போது போகியைத் திருப்பிக் கீழே தள்ளும். கப்ளர் மையம் தண்டவாளத்தின் மேலிருந்து 9.9 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், எஞ்சின், பெட்டி இரண்டையும் உயர அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து சக்கரம். இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கிடையே 14.4 முதல் 14.5 மி.மீ. வரவேண்டும். வெர்னியர் வைத்து ஒவ்வொரு அச்சையும் அளங்கள், ஒன்று 14.2 என்றாலும் பாயின்ட்டில் (பாதை பிரியும் இடத்தில்) ஏறும். பிறகு எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு 28 கிராம், கூடவே ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். எல்எச்பி-க்கு ஏறக்குறைய 179 கிராம், ஐசிஎஃப்-க்கு 165. வெற்று உடல் 90 கிராம் இருந்தால் மீதியை மீன்பிடி ஈயத் துண்டுகளாகத் தரையில், போகிக்கு மேலே, இரு முனையிலும் சமமாக ஒட்டுங்கள். கூரையில் ஒட்டினால் பெட்டி ஆடும்.

கடைசியாக போகித் திருகு. ஒரு போகியை இறுக்கி, திரும்ப மட்டும் விடுங்கள், ஆட விடாதீர்கள். மற்றதை அரைச் சுற்றுத் தளர்த்தி, திரும்பவும் ஆடவும் விடுங்கள். இரண்டையும் ஆட விட்டால் பெட்டி சாயும். இரண்டையும் இறுக்கினால் பாதையின் சிறு மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும்.

சோதனை எளிது. ஒரு மீட்டர் பாதையின் ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்கள். பெட்டி தானாக உருண்டு வரவேண்டும். வராவிட்டால் அச்சு முனையும் அது உட்காரும் குழியும் சரியில்லை; ஆறு பெட்டியை இழுத்தாலும் எஞ்சின் திணறும். எஸ் வளைவு இருந்தால் அதற்கிடையே ஒரு பெட்டி நீளம், குறைந்தது 276 மி.மீ. நேர்பாதை வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டி முனைகள் ஒன்றுக்கொன்று 24 மி.மீ. விலகும், எந்தக் கப்ளரும் தாங்காது. இரட்டைப் பாதை போடுபவர்கள் இந்த ஆரத்தில் பாதை மையங்களுக்கிடையே 62 மி.மீ. விடுங்கள். இல்லாவிட்டால் எதிர் வரும் எல்எச்பி-யின் வயிறும் இந்த எல்எச்பி-யின் மூக்கும் உரசிக்கொள்ளும்.

போகிக்கும் ஒரு பார்வை. எல்எச்பி போகியின் அச்சிடைவெளி 29 மி.மீ., ஐசிஎஃப்-க்கு 33 மி.மீ. எல்எச்பி-க்குக் கீழே ஐசிஎஃப் போகி இருந்தால் பெட்டிக்கு நீண்ட கால் முளைத்த மாதிரி இருக்கும். மலிவான மாடல்களில் இதுதான் அதிகம் நடக்கிறது.

பெரம்பூர் வாசகர்: 1980-இன் வைகை எக்ஸ்பிரஸ் செய்ய வேண்டும். டபிள்யூடிஎம்-2-வோடு அரக்கு ஐசிஎஃப் பெட்டிகள் போதுமா?

போதாது, பாதையே வேறு. வைகை 1977 ஆகஸ்ட் 15 அன்று மெட்ராஸ் எழும்பூருக்கும் மதுரைக்கும் இடையே ஓடத் தொடங்கியது மீட்டர் கேஜில். பல்லவனும் 1984-இல் மீட்டர் கேஜில்தான் தொடங்கியது. மதுரைக்கு அகலப் பாதை வந்ததே 1990-களில். 1980-இல் அகலப் பாதை எஞ்சினை மாட்டினால் வண்டி ரயில் பாதையில் நிற்காமல் வானத்தில் மிதக்க வேண்டியதுதான்.

மீட்டர் கேஜ் என்றால் ஒய்டிஎம்-4 டீசல், அல்லது எழும்பூர்–விழுப்புரம் இடையே மட்டும் ஒய்ஏஎம்-1 மின் எஞ்சின். அந்தப் பாதையில் 1960-களில் 25 கிலோவோல்ட் மின்கம்பி வந்தது. விழுப்புரத்துக்கு அப்பால் டீசல், அல்லது ஒய்பி நீராவி எஞ்சின். ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1-ஐ எழும்பூரில் நிறுத்தலாம், திண்டுக்கல்லில் நிறுத்தக் கூடாது. காட்சி விழுப்புரம் என்றால் எஞ்சின் மாற்றும் காட்சியையே முழுதாக வைக்கலாம். இரண்டு எஞ்சின், ஒரு ரேக் என்று செலவும் குறைவு.

அளவில் ஒரு சிக்கல். 1000 மி.மீ. எச்ஓ-வில் 11.5 மி.மீ.; கடையில் கிடைக்கும் 12 மி.மீ. எச்ஓஎம் பாதை போதும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டி உடல் சுமார் 224 மி.மீ., அகலம் 31 மி.மீ. அகலப் பாதைக்கோ 16.5 மி.மீ. பாதைதான் எல்லோரும் பயன்படுத்துவது, உண்மையில் 19.3 மி.மீ. வேண்டும். எனவே மீட்டர் கேஜ் ரசிகர்களுக்குத்தான் துல்லியம் அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வண்டிப் பலகையையும் பார்த்து எழுதுங்கள். 1996-க்கு முந்தையது என்றால் 'மெட்ராஸ்'. 'சென்னை' வரக் கூடாது. வண்டி எண் ஐந்து இலக்கமாக மாறியது 2010 டிசம்பர் 20 அன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதற்கு முன் 2621, பிறகு 12621. பின்னணியில் சென்ட்ரல் நிலையப் பலகையில் எம்.ஜி.ஆர். பெயர் இருந்தால் ஆண்டு 2019 அல்லது பிந்தையது. பெட்டியின் வகுப்புக் குறியில் மூன்று கோடு இருந்தால் 1974-க்கு முன். அந்த ஆண்டில் மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது.

அடையாறு வாசகர்: டபிள்யூபி நீராவி எஞ்சினுக்குப் பின்னால் ஏசி மூன்றடுக்கு இழுக்க விடலாமா?

கூடாது. டபிள்யூபி 1947-இல் வந்து 1967 வரை செய்யப்பட்டது; அரக்கு நிற ஐசிஎஃப், அதற்கு முந்தைய மர உடல் பெட்டிகள் இரண்டும் பொருந்தும். 1955-க்கு முந்தைய காட்சி என்றால் ஐசிஎஃப் பெட்டியும் கூடாது. பெரம்பூர் தொழிற்சாலை அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. கூரைக்குக் கரியும் சாம்பலும் தூவுங்கள், எஞ்சினுக்கு அடுத்த இரண்டு பெட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அம்பத்தூர் வாசகர்: இந்தியப் பெட்டி விலை அதிகம். வெளிநாட்டுப் பெட்டியை நிறம் மாற்றி ஓட்டலாமா? எது நெருக்கம்?

ஒரு விநோதம் சொல்கிறோம். ஐரோப்பிய எச்ஓ பெட்டி 32 மி.மீ. அகலம்தான்; நம் ஐசிஎஃப் எச்ஓ-வில் 37 மி.மீ. ஐந்து மி.மீ. வித்தியாசம் எஞ்சினின் பின்னால் வைத்ததும் தெரிந்துவிடும், நோயாளி போல. ஆனால் பிரிட்டிஷ் மார்க் 1 பெட்டியை எடுங்கள். அது ஓஓ அளவில், 1:76-இல் செய்யப்படுகிறது. பிரிட்டனின் பெட்டி குறுகியது, அளவுகோல் பெரிது. விளைவாக மாடல் 36 மி.மீ. அகலத்தில் வந்து நிற்கிறது. நீளம் 258 மி.மீ. இருக்கும், ஐசிஎஃப்-க்கு 13 மி.மீ. அதிகம். நடுவில் ஒரு ஜன்னல் பகுதியை வெட்டிச் சுருக்கினால் சரியாகும்.

ஆனால் ஜன்னல் வரிசை நம்முடையது அல்ல, கூரையின் வளைவும் வேறு. பக்கச் சுவரை முழுதாக நீக்கி 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் ஐசிஎஃப் பக்கத்தை வெட்டி ஒட்டுவதே தீர்வு. ஜன்னல் கம்பிகளுக்கு 0.3 மி.மீ. கம்பி. அமெரிக்க 85 அடிப் பெட்டியைத் தொடாதீர்கள், 297 மி.மீ. நீளம். உங்கள் லூப்பையும் கொல்லும், வளைவையும் கொல்லும்.

முப்பரிமாண அச்சில் உடல் எடுப்பவர்களுக்கு: பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்தில் இளகும். மே மாதம் காருக்குள் விட்டுவைத்த உடல் வளைந்துவிடும்.

அண்ணா நகர் வாசகர்: நீல ரேக்குக்கு ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் வெண்மையாகப் பூத்துவிட்டது. நவம்பர் மாதம்.

நவம்பரில் சென்னையில் அடித்ததுதான் காரணம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. மழை ஓய்ந்த நாளில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள். பூத்த இடத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மிக மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடி மெல்லியதாக, இடையில் பதினைந்து நிமிடம் விட்டு.

ஜன்னல் பட்டைக்கு வெளிர் நீலத்தை முதலில் முழு உடலுக்கும் அடித்து 24 மணி நேரம் காயவிடுங்கள். பட்டையை மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தி, அதன்மேல் மறுபடி ஒரு கை வெளிர் நீலம். அது விளிம்பை அடைத்துவிடும், கரு நீலம் கசியாது. இந்த ஒரு கையைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ஜன்னல் வரிசையில் மீசை முளைக்கிறது. நிறத்துக்குக் கைபேசிப் படத்தை நம்பாதீர்கள். நியூ ஆவடி சாலை ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் பெட்டிகளுக்கருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சேர்த்துப் படம் எடுத்தால் ஒளியின் சாயத்தைக் கழித்துக் கொள்ளலாம்.

அழுக்கு அடிப்பதிலும் காலம் இருக்கிறது. ஐசிஎஃப் சக்கரத்தின் மேல் பிரேக் கட்டை தேயும். வார்ப்பிரும்புக் கட்டைக் காலத்தில் போகியும் பெட்டியின் அடிவிளிம்பும் துருப்பிடித்த செம்பழுப்பு. எல்எச்பி-யில் டிஸ்க் பிரேக், அங்கே அந்தச் செம்பழுப்பு மழை கிடையாது. சாலைப் புழுதி மாதிரி சாம்பல் தூவல் போதும்.

போரூர் வாசகர்: பெட்டிக்குள் விளக்கு எரிகிறது, ஆனால் மினுக்குகிறது. காலத்துக்கேற்ற நிறமும் வேண்டும்.

மினுக்கலுக்குக் காரணம் சக்கரம் அழுக்கான தண்டவாளத்தில் நொடிப்பொழுது தொடர்பை இழப்பது. ரிச்சி தெருவில் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 470 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கெபாசிட்டர், 100 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள். 16 வோல்ட் கெபாசிட்டர் வேண்டாம். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாட்டு) பாதையில் 15 வோல்ட்டுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் வீங்கும். 100 ஓமை கெபாசிட்டருக்குத் தொடராக வையுங்கள், மின்சாரம் போட்டதும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் இழுப்பதைத் தடுக்கும். மூன்று எல்ஈடி தொடர், 2.2 கிலோஓம் ரெசிஸ்டர். பெட்டிக்கு இரண்டு தொடர். வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் ரெசிஸ்டரை உயர்த்துங்கள். பழைய அரக்குப் பெட்டிக்கு வெப்ப மஞ்சள், எல்எச்பி-க்கு வெள்ளை. அரக்குப் பெட்டிக்குள் நீலவெள்ளை எரிந்தால் நாம் மேலே எண்ணும் நிறமும் பார்த்து ஒட்டிய வேலை வீண்.

கொளத்தூர் வாசகர்: வந்தே பாரத் மாடலுக்கு எந்த எஞ்சின் பொருந்தும்?

எதுவும் வேண்டாம். 2019-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. மாடலிலும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் மோட்டார் வைத்தால் போதும், முன்னால் மாட்டிய எஞ்சினைக் கழற்றி வில்லிவாக்கம் வாசகருக்குக் கொடுத்துவிடலாம்.